ஊதாத் துளையில் ஒரு கறுப்புக் கட்டை

"நவம்பர் 14, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கர்லிங் மன்றக் கணினியின் பின்னால், கீபோர்டு வயருக்கும் அதை மாட்டும் பழைய வட்ட ஊதாத் துளைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கட்டை தொங்குவதைப் பார்த்தேன். நாம் தட்டுவதையெல்லாம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் கருவியாக இருக்கலாம் என்று லோர்னாவிடம் சொன்னேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். ஆனால் எதையும் சோதிக்காமல் சொன்னேன்."

ரூனா தோர்வால்ட்சன் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'சிறு' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பேனாவை அதன்மேல் கொண்டுபோனாள். பிறகு முடிவு செய்ய முடியாமல் மூடி வைத்தாள்.

பகலில் கூட்டுறவுக் கடையில் ரொட்டி விற்பாள். வாரத்தில் இரண்டு மாலை செல்கிர்க் நகரில் கணினி பழுதுபார்க்கும் வகுப்பு. போன வகுப்பில்தான் ஆசிரியர் தட்டுவதைத் திருடும் விரல் நீளக் கட்டை ஒன்றைக் காட்டி, "பார்க்க அடாப்டர் மாதிரியே இருக்கும், நம்பாதீங்க" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் கண்ணில் பட்ட கணினிகளின் முதுகெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகவே தெரிந்தன.

வெள்ளிக்கிழமை மாலை அவள் மன்றத்துக்குப் போனபோது, குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமலுக்கும் மேலாக லோர்னாவின் குரல் கேட்டது. பனித்தரையில் கனமான கல்லை வழுக்கவிட்டு விளையாடும் கர்லிங் ஆட்டத்துக்கான அந்த மன்றத்தின் தலைவி லோர்னா பீட்டர்சன்.

"ஏழு மணிக்குக் கமிட்டி கூடுது. கிளின்டை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நாளைக்குப் போட்டி. தரையைப் பாத்தியா? கஞ்சி மாதிரி இருக்கு. கல்லைத் தள்ளினா பாதி வழியிலயே உக்காந்துடுது."

"அந்தக் கட்டைக்கும் ஐஸுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னும்..."

"அட, இதுகூடப் புரியலயா உனக்கு? ஐஸ் போடற மெட்ரோ குளிர் அளவை எவ்வளவு குறைச்சு வச்சாலும் மறுநாள் எண் ஏறியிருக்கு. யாரோ ஏத்துறாங்க. போன வருஷம் வரைக்கும் கிளின்ட் எங்க வேலை பார்த்தான்? பக்கத்து ஊர் மன்றத்துல. மெட்ரோ என்ன தட்டுறான்னு அந்தக் கட்டை மூலமா தெரிஞ்சுக்கறான், அங்க கொண்டுபோய்க் குடுக்கறான், இங்க கெடுக்கறான். ரெண்டும் ரெண்டும் நாலு."

மெட்ரோ ஹல்யுக் பனித்தரையைப் போடுகிறவர். அவருக்கு உதவியாள் கிளின்ட். குளிரூட்டும் இயந்திரத்தை இயக்கும் கணினியின் நாற்காலியில் மெட்ரோவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறித்தான், பழைய கீபோர்டில் யாரோ விஸ்கியைக் கொட்டிய அடுத்த நாள், கிளின்ட் ஒரு புதுக் கீபோர்டை மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தான். அதுவும் சந்தேகத்தின் கணக்கில் சேர்ந்திருந்தது.

கிளின்ட் கதவோரம் நின்றிருந்தான். கையில் துடைப்பத்தை அவன் பிடித்திருந்த விதமே ரூனாவுக்கு ஏதோ மறைப்பதைப் போலப் பட்டது. இல்லை, குளிருக்குத்தான் அப்படிப் பிடித்திருக்கிறானோ? அவளால் சொல்ல முடியவில்லை.

"வந்துட்டாங்கடா துப்பறியும் அம்மா," என்றான் அவன்.

ரூனா கணினியிடம் போனாள். முதலில் கணினியை அணைத்தாள்.

"ஏய் பொண்ணே! குளிர் நின்னுடும்!" என்று கத்தியபடி பனித்தரையிலிருந்து வந்தார் மெட்ரோ.

"நிக்காது மெட்ரோ. மெஷின் கடைசியா வச்ச அளவுலயே ஓடும். இந்த வட்டத் துளைகள்ல கணினி ஓடும்போது எதையும் பிடுங்கி மாட்டக் கூடாது. மாட்டினாலும் அதுக்குத் தெரியாது."

கறுப்புக் கட்டையை எடுத்துவிட்டுத் தன் பையிலிருந்த, பழைய துளையில் புதுக் கீபோர்டை இணைக்கும் மெலிந்த ஊதா அடாப்டரை மாட்டினாள். வகுப்பில் கொடுத்தது, கட்டைவிரல் நுனியளவுதான். கணினியைப் போட்டாள். கீபோர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கணினி, கீபோர்டே இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

"பாத்தியா!" என்றாள் லோர்னா. "கட்டையை எடுத்ததும் செத்துப்போச்சு. ஏதோ பண்ணி வச்சிருக்கான்."

வயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ரூனா தொட்டுப் பார்த்தாள். தன் அடாப்டரே கெட்டதாக இருந்தால்? மறுபடி அணைத்தாள். அந்த அடாப்டரோடு ஒரே பெட்டியில் வந்த வகுப்புக் கீபோர்டைக் காரிலிருந்து எடுத்து வந்து மாட்டினாள். உடனே வேலை செய்தது. அடாப்டர் நல்லதுதான். அப்படியென்றால் கோளாறு மன்றத்துக் கீபோர்டிலா? அதுவும் இல்லை, நேற்றுவரை கட்டையோடு ஓடியதே.

"மெலிஞ்சது வெறும் கம்பியை மாத்தி மாத்திச் சேர்க்குது, அவ்வளவுதான்," என்றாள் மெதுவாக. "பழைய பாஷையும் தெரிஞ்ச கீபோர்டுக்குத்தான் அது சரிவரும். கிளின்ட் வாங்கினதுக்குப் புதுப் பாஷை மட்டும்தான் தெரியும். நடுவுல ஒருத்தர் மொழிபெயர்க்கணும். அதனாலதான் இந்தக் கட்டை குண்டா இருக்கு. உள்ள சில்லு இருக்கும்."

"அதைத்தானே கடைக்காரன் சொன்னான்!" என்றான் கிளின்ட். "மெலிஞ்சதை வாங்கிட்டு வந்து, வேலை செய்யாம, திருப்பிக் குடுத்துட்டு இதை வாங்கினேன். யாராச்சும் கேட்டீங்களா?"

"மொழிபெயர்க்கிறவன் ஒட்டுக்கேக்கவும் செய்யலாமே," என்றாள் லோர்னா.

அது நியாயமான கேள்வி. ரூனா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளந்து பார்த்தாலும் உள்ளிருக்கும் சில்லு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவளுக்குப் படிப்பு போதாது. அதை அவர்களிடமே ஒப்புக்கொண்டாள். லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள்.

கட்டையையும் மன்றத்துக் கீபோர்டையும் பழையபடி மாட்டிவிட்டு, "மெட்ரோ, காலையில என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க," என்றாள் ரூனா.

"என்னத்தைச் செய்யறது. தரைக்கு அடியில ஓடுற உப்புநீர்க் குழாய் எவ்வளவு குளிர்ச்சின்னு அளந்து தட்டுவேன். ஃபாரன்ஹீட்ல பதினெட்டு." அவர் உட்காரக்கூட இல்லை. போகிற போக்கில் வலப்பக்க எண்விசைகளில் ஒன்று, எட்டு என்று தட்டிவிட்டுத் திரையைப் பார்க்காமலே கையுறையை மாட்டத் தொடங்கினார்.

ரூனா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவை எழுதவேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. அதற்கு மேலே, குளிரை நிர்ணயிக்கும் எண் ஒரு படி ஏறியது; அது ஏறினால் குளிர் குறையும்.

"இன்னொரு தடவை," என்றாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மெட்ரோ தட்டினார். எண் மறுபடி ஏறியது. இப்போது நால்வருமே பார்த்தார்கள்.

"எண் விளக்கு, அதான் நம் லாக், எரியல," என்று கீபோர்டின் மூலையைக் காட்டினாள் ரூனா. "பழைய கீபோர்டுல எப்பவும் எரிஞ்சிருக்கும். இந்தக் கட்டை வழியா வந்தா, கணினியைப் போடும்போது எரியறதில்ல போலிருக்கு. எரியலன்னா எட்டு எட்டு இல்ல, மேல் அம்பு. ஒவ்வொரு காலையும் நீங்களே ஒரு படி ஏத்திட்டுப் போயிருக்கீங்க."

இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. லோர்னா எரியாத விளக்கின் அருகே குனிந்து பார்த்தாள்.

கிளின்ட்தான் கேட்டான். "அது சரி மெட்ரோ. ஐஸ் இளகிட்டே வந்திருக்கு. குழாய் எப்படித் தினமும் பதினெட்டுலயே இருந்துச்சு?"

அந்தக் கேள்வி ரூனாவுக்குத் தோன்றவே இல்லை. மெட்ரோவின் பார்வை ஆணியில் தொங்கிய வெப்பமானியின் பக்கம் போனது. அதன் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது.

மன்ற அளவிலான கர்லிங்கில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும்போது தன் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், பட்டவரே கையை உயர்த்திச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரோடு அந்த ஊரில் யாரும் விளையாட மாட்டார்கள். மெட்ரோ பாதி மாட்டிய கையுறையோடு வலக்கையைத் தோளுயரத்துக்கு உயர்த்தினார்.

"என்னுது பட்டிருக்கு," என்றார். "நான் அளக்கவே இல்ல. இருபது வருஷமா பதினெட்டுதானேன்னு தட்டிட்டுப் போயிட்டேன். கமிட்டிகிட்ட நானே சொல்றேன்."

"நானும் வர்றேன்," என்றாள் ரூனா. "கட்டையைப் பத்தி முதல்ல சொன்னது நான்தான்."

அவள் கிளின்டின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்குவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நேத்து பூரா இங்க ஒருத்தர்கூட எனக்குக் காபி ஊத்தல. தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுக்கோ." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெட்ரோவின் நாற்காலியில் உட்கார்ந்தான். கீழ் அம்பை அழுத்தி எண்ணை ஒவ்வொன்றாக இறக்கினான். மெட்ரோ அவன் தோளுக்கு மேலாக எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமிட்டி கிளின்டை வேலையில் வைத்துக்கொண்டது; இனி குழாயை வெப்பமானியால் அளப்பதும் அவன் பொறுப்பு என்றது. ரூனா பேசும்போது இரண்டு முறை திக்கினாள். ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அந்தக் கட்டை வேறெதையும் பதிவு செய்யவில்லை என்று தன்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, வகுப்பில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்பதையும் சொன்னாள். லோர்னாவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதினாள்:

"நவம்பர் 15, வெள்ளி. நாளைய வேலை: காலை முதல் ஆட்டத்துக்கு முன் மன்றத்துக்குப் போய், கணினியைப் போட்டவுடன் எண் விளக்கு தானாக எரியும்படி அமைக்க வேண்டும். முடியாவிட்டால், விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லித் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். கிளின்ட் குழாயை அளக்கும்போது கூட நிற்க வேண்டும்."