படங்கு கட்டிய வேட்டைக்காரர்கள்

எட்டு நாளில் அந்தப் பன்றி மூன்று முறை வந்து போயிருந்தது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான கீழ்ப்பிரிவு லயத்துக்குப் பின்னால், காட்டோரத்து மரவள்ளிப் பாத்திகளில் பாதி குப்புறக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னையாவும் இன்னும் நான்கு பேரும் ஈட்டிகளோடு ராக்காயி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியது அவளுடைய நாய்.

"சீனியக் குடு தாயி. மத்தியானச் சோத்துக்குள்ள கொண்டாந்து விட்டுர்றோம்" என்றார் பொன்னையா. லயத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"கருவாயனையும் இப்படித்தான் கேட்டீங்க, அண்ணே."

கருவாயன் ராக்காயியின் பழைய நாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் பன்றி வாசம் பிடித்துக்கொண்டு ஓடி, காய்ந்த இலைக்குள் மூக்கை விட்டது. இலையோடு இலையாகக் கோப்பி விரியன் என்ற விஷப்பாம்பு கிடந்தது. ராக்காயி அதை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். விடிந்தபோது நாய்க்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சீனி. சர்க்கரை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அவள் அதை வேட்டைக்குக் கொடுத்ததில்லை. தன்னோடு கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குத்தான் கூட்டிப்போவாள். பெண்கள், கொழுந்து மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்குச்சியால் செடியைத் தட்டிவிட்டுக் கை வைப்பதற்கு முன்பே சீனி செடி நிரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும். அடியில் பாம்பு கிடந்தால் இரண்டு முழம் தள்ளி நின்று குரைக்கும். நகராது, கிட்டவும் போகாது. வாலைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பதால் பெண்கள் அதற்குச் சின்னக் கண்டாக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் நிஜக் கண்டாக்கு ஐயாவின் நடையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது அவர்கள் அபிப்பிராயம்.

"மலையில அது நிதானமா நிக்கிது. காட்டுல பன்னி வாசம் பட்டா நிக்குமா? மூக்கு முன்னால ஓடும், புத்தி பின்னால வரும். இன்னொரு நாய என்னால பொதைக்க முடியாது" என்றாள் ராக்காயி.

"அப்ப மரவள்ளி?" என்று கேட்டான் அழகுமுத்து. அவன் ராக்காயியின் தம்பி, வந்தவர்களில் ஒருவன். "ஒன் பாத்தியில ஆறு வரிசை போச்சுக்கா. மத்த நாயெல்லாம் பன்னிச் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள்ள பூந்துக்குது. முந்தாநாள் அதக் காட்டோரம் வரைக்கும் வெரட்டுனது சீனி ஒண்ணுதான்."

அது உண்மை. ராக்காயி நாயின் மடங்கிய காதைத் தடவினாள்.

"சரி. நானும் வருவேன்."

"பொம்பள வேட்டைக்கு வந்தா..." என்று பொன்னையா ஆரம்பித்தார்.

"பன்னி வெக்கப்பட்டுக்கிட்டு வராதா அண்ணே?" என்றான் அழகுமுத்து.

"அப்பறம், ஒங்க அஞ்சு பேர் காலும் இப்படி இருக்கக் கூடாது. படங்கு கட்டிக்கிட்டு வாங்க" என்றாள் ராக்காயி.

படங்கு என்பது கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொள்ளும் தடித்த சாக்குத் துணி. ஆண்கள் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பொன்னையாவின் முகம் சிவந்தது.

"முப்பது வருசமா வெறுங்காலோட காட்டுக்குப் போறேன், புள்ள."

"கருவாயனப் பாம்பு கடிச்ச எடத்துல அதுக்கு முந்தி மிதிச்சது யாரு? கேளுங்க."

கணேசமூர்த்தி கையை லேசாகத் தூக்கினார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவர், பெரிய உடம்பு. "நான்தான். ஒரு சாண் தள்ளி மிதிச்சேன். நான் கட்டிக்கிறேன்பா" என்றார்.

பொன்னையா தன் வீட்டு வாசலில் ஒரு படங்கை விரித்துப் பார்த்தார்.

படங்கை இரண்டாக வெட்டிக் காலுக்கு ஒன்றாகச் சுற்றிக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. அவர் மனைவி பேச்சியம்மா அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வெட்டுவீங்களா? நாளைக்கு மலைக்கு எதைக் கட்டிக்கிட்டுப் போறதாம்? பொம்பளைங்க கட்டுற மாதிரியே கட்டுங்க. சும்மா நில்லுங்க, ஆடாதீங்க."

அவளே இறுக்கிக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். மற்ற நான்கு வீடுகளிலும் இதுவே நடந்தது. தட்டிப் பார்க்க ஆளுக்கொரு குச்சி வேண்டும் என்று ராக்காயி சொல்லியிருந்ததால், படங்கோடு சேர்ந்து கிடந்த மட்டக்குச்சியையும் பெண்கள் கையில் கொடுத்தார்கள்.

ஐந்து ஆண்களும் லயத்து முன்னால் வரிசையாக நின்றபோது, தண்ணீர் விழும் பீலிக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏ புள்ளைகளா, வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு நேரமாச்சு! கூடை எங்க?"

"கணேசமூர்த்தி அக்கா, இன்னிக்கி எத்தனை றாத்தல் கொழுந்து எடுப்பீங்க?"

"பேர் போடாமப் போயிருவாங்க, சீக்கிரம் ஓடுங்க!"

பொன்னையா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். படங்கு முழங்காலில் தட்டியதால் அவரால் வேகமாக நடக்க முடியவில்லை. காட்டு வாசலில் முனியாண்டிக் கல் இருந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே சூடம் கொளுத்தாமல் உள்ளே போவதில்லை. அவர் கொளுத்தினார். கும்பிட்டார்.

"சாமி, குத்தமா எடுத்துக்காத. இது பேச்சியம்மாவோடது."

உள்ளே ஈரமும் இருட்டும் இருந்தன. அந்த உயரத்தில், கினிகத்தேனைப் பக்கத்துக் காடுகளில், குளிர் குறைவு, பாம்புக்கு வசதி. மேலே நுவரெலியா பக்கம் இவ்வளவு பயம் இல்லை. ராக்காயி நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவான குரலில் சொன்னாள். "தட்டாம மரக்கட்டையில உக்காராதீங்க. பொந்துல கை விடாதீங்க. சீனி கொலச்சா அவுங்கவுங்க கால் அங்கங்கயே நிக்கணும்."

"பன்னி முன்னால வந்தாலுமா?"

"பன்னி முன்னால வந்தாலும்."

மண்ணில் குளம்புத் தடம் புதிதாக இருந்தது. சீனி முகர்ந்தது. காது நிமிர்ந்தது. ராக்காயி அதன் கழுத்தருகே குனிந்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.

சீனி பத்தடி ஓடிற்று. பிறகு நின்று திரும்பி, ஆண்களைப் பார்த்தது. ஐந்து படங்கு, ஐந்து குச்சி. அது வாலைத் தூக்கிக்கொண்டு பொன்னையாவுக்கு முன்னால் வந்து நடந்தது. பிறகு அடுத்த ஆளுக்கு முன்னால். பிறகு அதற்கடுத்த ஆளுக்கு.

"என்னக்கா இது, தடத்தை விட்டுட்டு எங்களச் சுத்துது?" என்றான் அழகுமுத்து.

ராக்காயிக்கும் புரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு புதருக்கு முன்னால் சீனி நின்று குரைத்தது. ஈட்டிகள் உயர்ந்தன. கணேசமூர்த்தி மூச்சை அடக்கிக்கொண்டு இலையை விலக்கப் போனார்.

"கைய எடுங்க!" என்றாள் ராக்காயி.

அவர் கை போகவிருந்த கிளையில் பச்சை விரியன் சுருண்டிருந்தது. இலையின் அதே நிறம். எல்லாரும் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கிச் சுற்றிப் போனார்கள்.

பத்து நிமிடத்தில் சீனி மறுபடியும் குரைத்தது. ஈட்டிகள் மறுபடியும் உயர்ந்தன. இந்தத் தடவை காய்ந்த இலைக்குள் கோப்பி விரியன். ராக்காயி நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு முழம் தள்ளி நின்றது. மூக்கை நீட்டவில்லை. ஆட்கள் விலகியதும் குரைப்பதை நிறுத்திவிட்டு, வரிசையின் அந்தக் கோடிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன?" என்றார் பொன்னையா.

"அண்ணே, அது வேட்டைக்கு வரல. மலைக்கு வந்திருக்கு. ஒங்களக் கொழுந்துக்காரிங்கன்னு நெனச்சுக்கிட்டு நெரை பாக்குது."

அழகுமுத்து குந்தி உட்காரப் போனவன், ஞாபகம் வந்து முதலில் குச்சியால் தட்டிவிட்டு உட்கார்ந்து சிரித்தான். பொன்னையா சிரிக்கவில்லை.

"நாய் பாம்பு தேடட்டும். நான் பன்னி தேடுறேன்" என்று முன்னால் போனார்.

ஓடைக்கரையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. தடம் அதைத் தாண்டிப் போயிருந்தது. பொன்னையா தட்டவில்லை. படங்கை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். சீனி பாய்ந்து வந்து மரத்தடியில் நின்று குரைத்தது.

"அண்ணே, அசையாதீங்க!"

அந்தப் பக்கம் வைத்த காலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு கோப்பி விரியன் தலையைத் தூக்கியிருந்தது. பொன்னையா மரத்தின்மேல் குதிரை ஏறியவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் விலகியது. பன்றி வெளியே வந்தது. இருபதடி தூரம்கூட இல்லை. மூக்கில் மரவள்ளித் தோட்டத்துச் செம்மண் காய்ந்திருந்தது.

ஐந்து ஈட்டிகள் இருந்தன. ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் பாம்பு மிரளும், பொன்னையாவின் கால் அங்கே இருந்தது. ராக்காயி நாயை மட்டும்தான் பார்த்தாள். அது பாய்ந்தால் நேராகப் பாம்பின் மேல்தான் பாயவேண்டும். சீனி பன்றியைப் பார்த்தது. மடங்கிய காது ஒருமுறை துடித்தது. பிறகு முகத்தைத் திருப்பி, பாம்பைப் பார்த்துக் குரைத்தது.

பன்றி இவர்களை ஒரு தடவை பார்த்தது. குனிந்து தண்ணீர் குடித்தது. அவசரமில்லாமல் திரும்பிப் போனது.

"தூக்குங்கப்பா" என்றார் பொன்னையா மிக மெல்லிய குரலில்.

கணேசமூர்த்தியும் அழகுமுத்துவும் பின்னாலிருந்து வந்து, பேச்சியம்மா போட்ட முடிச்சைப் பிடித்து அவரை நேராக மேலே தூக்கினார்கள். படங்கு தாங்கியது. கால் மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பாம்பு அதே இடத்தில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

வெளிச்சமான ஒரு பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ராக்காயி சீனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அதன் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"பன்னியப் பாத்தும் நின்னுச்சே" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள்.

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். "படங்கக் கழட்டிட்டா அது பன்னி புடிக்கும்ல?"

"புடிக்கும். இனிமே தர்றதுக்கு எனக்குப் பயமில்ல" என்றாள் ராக்காயி. "ஆனா அப்ப நெரை பாக்காது. கட்டுனா பாம்பு காட்டும், கட்டலன்னா பன்னி காட்டும். எது வேணும்னு அண்ணன் சொல்லட்டும்."

எல்லாரும் பொன்னையாவைப் பார்த்தார்கள். அவர் தன் வலது காலை முழங்காலுக்கு மேல் போட்டு, பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

"கட்டிக்கிட்டே போவோம்" என்றார்.

"அப்ப பன்னி?"

"தேயிலையக் கவ்வாத்து பண்ணி வெட்டிப்போட்ட மிலாறு அவ்வளவு கெடக்குல்ல? வேலி போடுவோம். வேட்டைக்காரனுக்கு வேலி போடத் தெரியாதா?"

அடுத்த ஞாயிறு முழுவதும் ஐந்து பேரும் வேலி போட்டார்கள். காட்டோரத்தில் கம்பு வெட்ட வேண்டியிருந்ததால் படங்கு கட்டியிருந்தார்கள். இந்தத் தடவை ராக்காயி போகவில்லை. நாயைக் கயிறில்லாமல் அனுப்பிவிட்டு, பீலிக்கரையில் பேச்சியம்மாவோடு துணி துவைத்தாள். காட்டுப் பக்கமிருந்து இரண்டு தடவை சீனி குரைக்கும் சத்தமும், அதற்குப் பின்னால், "நில்லுங்கடா! கால எடுக்காதீங்கடா!" என்று பொன்னையா அதட்டும் சத்தமும் கேட்டன.

"எங்க வீட்டு மனுசன்தான்" என்றாள் பேச்சியம்மா.

குரைத்தது கேட்டும் ராக்காயி பதறி நிமிரவில்லை. கம்பளியை இன்னொரு தடவை அலசிப் பிழிந்தாள்.