வரியோரத்துப் பெயர்

அலுவலகத்தில் குதைபாவின் நாற்காலியை இன்னும் யாரும் உயரம் குறைத்து வைக்கவில்லை. அவன் நல்ல உயரம். அவனுடைய அப்பா அதில் ஏறி உட்கார்ந்ததும் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. நாற்காலியைத் தாழ்த்தலாம் என்று குனிந்த அரீஜ் என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள்.

"டீ கொண்டு வரவா பெரியப்பா?"

"வேணாம்மா. டாக்ஸிய ரோட்டோரமா விட்டுட்டு வந்திருக்கேன், போலீஸ்காரன் கண்ணுல பட்டா விடமாட்டான். நீ காட்டுறேன்னு சொன்னதக் காட்டு."

அவர் பார்க்க வந்தது மகனின் பெயரை. போன மாதம் அம்மான் நகரத்துக்கு வெளியே விமான நிலையச் சாலையில் குதைபாவின் கார் லாரிக்கு அடியில் போனது. கூட வேலை பார்த்தவள் என்று துக்கம் கேட்கப் போன அரீஜிடம் வாசலில் நின்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "எம் பையன் அங்க என்னதாம்மா வேலை பாத்தான்? கேட்டா சிரிச்சுட்டுப் போயிருவான்" என்பதுதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதும் நிரல் வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் தளம் தங்களுடையது, அதில் கிடக்கிற பிடிஎஃப், வேர்ட் ஃபைல்களை இறக்கி வேறெங்கோ திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, இருந்த இடத்திலேயே திறக்கும்படி குதைபா செய்துகொண்டிருந்தான் என்று அவள் விளக்கினாள். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அதனால் இன்னொன்றும் சொன்னாள். "அவன் எழுதின ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் அவன் பேர் இருக்கும் பெரியப்பா. ஒருநாள் வாங்க, காட்டுறேன்." துக்க வீட்டில் சொல்வதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவர் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் எதிரெதிர் மேசை. அரபிப் பக்கங்கள்தான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கின. சேர்ந்து வரவேண்டிய எழுத்துகள் உதிரி உதிரியாக வந்தன, வரிகள் இடமிருந்து வலமாகத் திரும்பி ஓடின. சோதித்துப் பார்க்க அவன் வைத்திருந்த ஃபைல்கள் எல்லாம் சாப்பாட்டுக் கடை மெனுக்கள். மதியத்துக்குள் அலுவலகம் முழுவதற்கும் பசி எடுத்துவிடும். தப்பு கண்டுபிடித்து அவள் திருப்பி அனுப்பும்போதெல்லாம், "உன் கண்ணுக்கு நல்லது ஒண்ணும் படாதா மாமியாரே?" என்பான். கல்யாணமாகாத பெண்ணை மாமியாரே என்று கூப்பிட அவனால்தான் முடியும். இப்போது அப்படிக் கூப்பிட யாருமில்லை என்பது காலையில் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அவளைக் குத்தியது.

அரீஜ் குதைபா எழுதிய ஃபைலைத் திறந்தாள். இடது ஓரத்தில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. அரீஜ். அரீஜ். அரீஜ். கீழே போகப் போக அதுவேதான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போன வியாழக்கிழமை, புது வசதியை வெளியிடுவதற்கு முன், மேலாளர் நிதால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார். குதைபாவின் வரிகள் அவன் மேசையைப் போலத்தான், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. ஒழுங்குபடுத்தும் கருவியை அவள் ஒரே அழுத்தில் ஓடவிட்டாள். அது எல்லா வரிகளையும் இரண்டு இடம் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். ஆனால் கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் ஓரத்தில் நிற்கும். அவன் யோசித்ததில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பெயர் மட்டும் போய்விட்டது. வீட்டைப் பெருக்கப் போனவள் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இங்கிலீஷ்ல எனக்கு அவன் பேர் மட்டும் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு நான்தான எழுதிக் குடுத்தேன். இதுல எங்கம்மா இருக்கு?"

"ஒரு நிமிஷம் பெரியப்பா."

பழைய பதிவுக்குப் போனாள். வியாழனுக்கு முந்தைய ஃபைல் திறந்தது. மேலிருந்து கீழ்வரை குதைபா, குதைபா. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"எல்லாம் அவனா?"

"எல்லாம் அவன்தான்."

"இப்பவும் இப்படியேதான இருக்கு?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவர் டாக்ஸியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்.

"இல்ல பெரியப்பா. இது பழசு. இப்ப இருக்கறதுல எம் பேர்தான் இருக்கு. சுத்தம் பண்றேன்னு நான்தான் தெரியாம…"

"திருப்பி வைக்க முடியாதா?"

"வெளிய போயிருச்சு. எல்லாரும் பயன்படுத்துறாங்க. நாளைக்கு வேற யாராவது தொட்டா எம் பேரும் போயிரும்." ஆறுதலாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அது ஆறுதலாக இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை.

"டாக்ஸி ஸ்டாண்டுல என்னை இன்னும் அபூ குதைபான்னுதான் கூப்பிடுறானுங்க," என்றார். "குதைபாவோட அப்பா. அவன் பொறந்த அன்னைக்கு வந்த பேரு. எனக்குன்னு இருந்த பேரு எவனுக்கும் ஞாபகம் இல்ல." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "சரி விடு. அவன் செஞ்சது வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது. பாக்குறீங்களா?" அவள் ஒரு மெனுவைத் திறக்கப் போனாள்.

"அது வேணாம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பதிவு ஆபீஸ்ல இருந்து அனுப்பினாங்க. என் போன்ல தொறக்கவே மாட்டேங்குது. யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லவும் மனசு வரல."

அவர் அதைத் தன் போனிலிருந்து அவளுக்கு அனுப்பினார். திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திறந்தாள்.

இறப்புச் சான்றிதழ். எழுத்துகள் வலமிருந்து இடமாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி பிசகாமல் வந்து நின்றன. குதைபா மிஸ்பாஹ். மிஸ்பாஹ் என்பது இவர்தான் போலும். இத்தனை நாளில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

அவர் உதடு அசைய முதல் வரியிலிருந்து படித்தார். பிறந்த ஊர், தொழில், காரணம். முத்திரை வரை வந்தார். அவள் அழுதுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

"அடுத்த பக்கம் போம்மா."

அவள் அம்புக்குறியை அழுத்தினாள். எதுவும் நகரவில்லை. திரையின் அடியில், குதைபா வைத்த இடத்தில், பக்க எண் சின்னதாக 1 / 1 என்று இருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தார்.