கட்டில் உயரம்

கட்டில் காலில் கட்டியிருந்த நாடாவை அவிழ்க்க மகள் குனிந்தபோது, அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாத."

"அம்மா, கட்டிலைக் கொஞ்சம் நகத்தினாத்தானே நாலு பேரு உள்ள வந்து அப்பாவைத் தூக்க முடியும்?"

"நானே அவுக்குறேன்."

நான்கு நாடாக்கள். இரண்டு கட்டில் காலில், இரண்டு தையல் மெஷின் காலில். நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தது அவர் செய்த ட்ரோன். பெயர்தான் பெரிசு. அவளுடைய பழைய மர ஸ்கேல் இரண்டைக் குறுக்காக வைத்து முடுக்கிய உடம்பு, கால்களுக்கு நூல் தீர்ந்த கண்டுகள், நான்கு முனைகளிலும் பழைய சாமான் கடையில் கிடைத்த சின்ன மோட்டார்கள், ஒவ்வொன்றின் மேலும் காற்றாடி மாதிரி ஓர் இறக்கை. முதல்முதலாகச் செய்கிறவர்கள் அதைக் கட்டிப்போட்டுத்தான் பழக வேண்டுமாம்.

"உங்களை நான் கட்டிப்போட்ட மாதிரியா?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். இருமலுக்கு நடுவே அவர் சிரித்தார்.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. நுரையீரல் கைவிட்ட பிறகு ஏழு மாதமாகப் படி இறங்கவே இல்லை. இன்றைக்குத்தான் நான்கு பேர் சேர்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார்கள்.

மயானத்தில் எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மகள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடவே வந்த வயர்மேன், அவரோடு பத்து வருடம் வேலை பார்த்தவன், என்ன பேசுவது என்று தெரியாமல் மூலையில் இருந்த ட்ரோனைக் கையில் எடுத்தான். ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி, இந்த ரெக்கையெல்லாம் யாரு மாட்டுனது?"

"ஏன் தம்பி?"

"பின்னாடி ரெண்டும் மாறிக் கெடக்கு. ஒரே சாய்வு உள்ளது குறுக்குக் குறுக்கா வரணும். முன்னாடி வலது, பின்னாடி இடது, அப்படி. இப்போ முன்னாடி ரெண்டும் மேல தூக்குது, பின்னாடி ரெண்டும் கீழ அழுத்துது. இது எந்தக் காலத்துல ஏறும்?"

அவர் கை நடுங்குகிறது என்று இறக்கைகளை வாங்கி மாட்டியது அவள்தான். வலது முன்துண்டுக்கு வலது பின்துண்டு, இடதுக்கு இடது. முப்பது வருடமாகத் துணி வெட்டுகிற கை அப்படித்தான் ஜோடி சேர்த்தது. யாரையும் கேட்கவேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை.

"அவருதான் மாட்டுனாரு" என்றாள்.

"அப்படியா? கடைசில கண்ணு மங்கிடுச்சு போல. இல்லைன்னா அண்ணன் இதுலபோய்க் கோட்டை விடுவாரா?"

அவன் அதைக் கீழே வைத்துவிட்டான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வை இன்னும் அவர் தலைமாட்டில் மடித்தபடி இருந்தது.

மூன்று வாரம். ரிமோட்டில் லிவரைத் தள்ளியதும் முன்பக்கம் எழும்பும், அடுத்த நொடி மல்லாக்க விழும். ஒவ்வொரு தடவையும், "என் கைதான் சரியில்ல" என்று அவர் ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார். நான்கு தடவை. விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டார். "ரெக்கையையும் ஒரு தடவ பாத்துருங்களேன்" என்று அவளே கேட்டபோது, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீ மாட்டுனதுல என்னத்தைப் பாக்குறது?" என்றார்.

மேலேயிருந்து கயிறு இழுக்காமல் ஒன்றை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. "வானத்துக்கெல்லாம் போக வேணாம். இந்தக் கட்டில் உயரம் வந்தாப் போதும்." நேற்றுக் காலையிலும் அது மல்லாக்க விழுந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் பக்கத்து வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திய பிறகுதான், அறையில் வேறு சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வயர்மேன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"ரெக்கைய மாட்டுனது நான். அவரு இல்ல."

அவன் ஒரு செருப்போடு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.

பின் இறக்கைகளை அவளே கழற்றினாள், அவளே மாற்றி மாட்டினாள். நாடாக்களை மறுபடி கட்டில் காலிலும் மெஷின் காலிலும் கட்டினாள். மகள் ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கண்ணால் கேட்டதற்கு, வயர்மேன் பேசாமல் இருக்கும்படி தலையசைத்தான்.

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு லிவரை மெல்லத் தள்ளினாள், அவர் காட்டிக்கொடுத்தபடியே. மோட்டார்கள் சீறின. தரையில் கிடந்த நூல் துணுக்குகள் சிதறி ஓடின. நூல்கண்டுக் கால்கள் ஒருமுறை தடுமாறி, தரையை விட்டன. ஒரு சாண். இரண்டு சாண். நாடாக்கள் விறைத்துக்கொள்ள, மெத்தையின் உயரத்தில் அது நின்றது.

"ஏறிடுச்சும்மா" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் கழித்து வயர்மேன் மெதுவாகச் சொன்னான். "போதும் அண்ணி. பேட்டரி தீந்துடும். இறக்கிடுங்க."

"ஏத்த மட்டுந்தான் தம்பி சொல்லிக்கொடுத்தாரு. இறக்குறதை அப்புறம் சொல்லித்தரேன்னாரு."

அவள் விரல் லிவரை விட்டு விலகவில்லை. ட்ரோனின் காற்றில், தலைமாட்டிலிருந்த போர்வையின் ஒரு மடிப்பு பிரிந்து, வெறும் மெத்தைமேல் படபடத்துக்கொண்டிருந்தது.