அபராசிதன் காத்திருந்த பகல்

ஜெயமலர் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கப் போனபோது நவரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல அவருக்குக் குடு பிள்ளை."

"ஆருக்கப்பா?"

"வாசல்லை நிக்கிறாரெல்லே. விடியத் தொடக்கம் நிக்கிறார்."

அறை வாசலில் ஒருவரும் இல்லை. மோர்னிங்சைட் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. நண்பகல் வெயில் கம்பளத்தில் சதுரமாய்க் கிடந்தது. மருந்தின் மயக்கத்தில் இப்படிப் பேசுவார்கள் என்று நேர்ஸ் மெலிசா முன்பே சொல்லியிருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்றும் சொல்லியிருந்தாள்.

புலம்பெயர்ந்து வந்து ஒஷாவாவில் ஒரு வெயர்ஹவுஸில் இருபத்திரண்டு வருடம் காவல் வேலை செய்தவர் நவரட்ணம். அங்கே காவல் கூண்டுக்குள் இருந்தபடி பல்லவர் சரித்திரம் எழுதினார். சிம்மவிஷ்ணு தொண்டை நாட்டைப் பிடித்தது, மகேந்திரன் மலையைக் குடைந்தது, நரசிம்மன் வாதாபிக்குள் புகுந்தது, ராஜசிம்மன் காஞ்சியில் கற்றளி எழுப்பியது, பிறகு பட்டத்துக்கு ஆளில்லாமல் பன்னிரண்டு வயது நந்திவர்மனைத் தேடிக் கொண்டுவந்தது என்று பதினொரு கொப்பி எழுதி நிரப்பியிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோதும் அவர் அந்த நந்திவர்மனோடுதான் இருந்தார். ஜெயமலர் அதன்பிறகு கொப்பிகளைத் தொட்டதில்லை.

கடைசி அரசன் அபராசிதனிடம் வந்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டார். நாலு வருடமாகிறது. "வெல்லேலாதவன் எண்டு பேர் வச்சிருக்கிறான். அவனை நான் என்னெண்டு சாகடிக்கிறது?" என்பார்.

மெலிசா வந்தாள். அறைக்குள் நுழையும்போது உடம்பை ஒருக்களித்து, "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். ஜெயமலர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், யன்னலோரம் இருந்தாள். வாசலில் ஒதுங்கிப் போக ஒன்றும் இல்லை. யாரிடம் சொன்னாள் என்று ஜெயமலர் கேட்கவில்லை. மெலிசா நாடி பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், "வெரி க்ளோஸ்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போனாள்.

மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் கிணற்றின் அடியிலிருந்து இழுப்பதுபோல.

"அவர் போகேலாமல் நிக்கிறார். நான் எழுதேல்லையெல்லே. நீ எழுது."

"நானோ? எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாதப்பா."

"நான் சொல்லுறன்."

பன்னிரண்டாம் கொப்பி தலையணைக்கடியில் இருந்தது. அத்தனையும் வெறுந்தாள். அவள் அதை எடுத்து மடியில் விரித்தாள். எழுதி முடித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தது. எழுதாமல் விட்டால் அந்த மூச்சு இப்படியே இழுபடும் என்றும் தெரிந்தது.

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். திருப்புறம்பியத்தில் அபராசிதன் வென்றது. அன்று அவன் பக்கம் நின்ற சோழன் ஆதித்தன் பிறகு அவன்மேலேயே படையெடுத்து வந்தது. யானைமேல் இருந்த அபராசிதன்மீது ஆதித்தன் பாய்ந்தது.

அங்கே நிறுத்தினார். வாசலைப் பார்த்தார்.

"நொந்ததோ?" என்று கேட்டார்.

அவ்வளவு பணிவான குரலில் அப்பா எவரோடும் பேசி அவள் கேட்டதில்லை. அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். இடையில் ஒருதரம் "ஓம்" என்றார். ஜெயமலர் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லையாம்," என்றார் கடைசியில். "எழுது."

அபராசிதன் விழுந்ததை எழுதினாள். முற்றுப்புள்ளி வைக்கமுன் நிமிர்ந்தாள். அவர் வாசலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தாள்.

அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

குசினியிலிருந்து வந்த மெலிசா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஒன்று இருபது. தம்பி பிரவீனனுக்குப் போன் எடுக்க ஜெயமலர் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்தாள். எதிரே லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வழமையைவிடக் கனநேரம் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"ஹலோ, அக்கா? என்ன, சொல்லுங்கோ."

அவள் லிஃப்ட் கதவுக்கு மேலே இலக்கங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு. ஏழு. ஆறு.