பத்து மணி வயர்லெஸ்

...கால் தரையைத் தொடவில்லை, சே, போலீஸ் கமிஷனர் நாற்காலி என்றால் இப்படியா, முன்னே இருந்தவர் ஆறடி, அவருக்கும் முன்னே இருந்த இருபத்தாறு பேர் மீசையோடு சுவரில் வரிசையாக முறைக்கிறார்கள், அவர்களில் யாருக்கும் இந்தக் கவலை வந்திருக்காது, யாரையாவது கூப்பிட்டு உயரத்தைக் குறைக்கச் சொல்லலாமா, வேண்டாம், முதல் நாளே நாற்காலிப் புகாரா, சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, ஆளில்லாத அறையில் பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் வீட்டுக்காரர் தொப்பியை எடுத்து நீட்டிவிட்டு, "ஏம்மா, சாயங்காலம் நீ வரும்போது நான் சல்யூட் அடிக்கணுமா?" என்றார், "இப்பவே பழகிக்கோங்க" என்றேன். வாசலில் காவலர் அடித்த சல்யூட்டில் என் நெஞ்சே அதிர்ந்தது. ஒரு பொம்பளையா, இந்த நகரத்துக்கா, என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இப்போது கதவுக்கு வெளியே கோப்போடு நிற்கிறார்கள், நிற்கட்டும், பத்து மணிக்கு வயர்லெஸ்ஸில் என் முதல் அழைப்பு, இன்னும் ஏழு நிமிடம்.

சாயங்காலம் மைதானத்தில் இறுதி ஆட்டம், நாற்பதாயிரம் பேர், ஐந்து வாயில், பணிப் பட்டியலை, பொறுப்பேற்கும் முன்பே, நேற்று வீட்டில் நானே உட்கார்ந்து எழுதினேன், எல்லோரும் தயார் என்று சொன்னதும் கையெழுத்து, அதற்குப் பிறகு மாற்ற முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஓர் ஆட்டத்துக்கு என்னை எங்கே போட்டார்கள்? பெண்கள் வாயிலில், கைப்பை சோதிக்க. "கைக்குழந்தைக்காரி, பாவம், நெரிசல்ல எதுக்கும்மா, நீங்க அங்க நிழல்ல நில்லுங்க" என்றார் என் அதிகாரி, நல்ல மனுஷர், அன்பாகத்தான் சொன்னார், நான்தான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்... இன்றைக்கு எதற்கு அதெல்லாம், மணி பத்து!

"முதல் வாயில்?" "தயார் சார்... மன்னிக்கணும், மேடம்!" இரண்டாவதும் சார்தான், போகட்டும், இவர்கள் நாக்குக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுப்போம், மூன்று, நான்கு, அடடா, மொத்த நகரமும் என் குரலுக்குப் பதில் சொல்கிறது... "பெண்கள் வாயில்?" "தயார் மேடம்." மிளகாயின் குரல். இலாகாவே அந்த இன்ஸ்பெக்டரை மிளகாய் என்றுதான் கூப்பிடும், போன வருஷம் சந்தைக் கலவரத்தில் ஒரு தள்ளுவண்டி மேல் ஏறி நின்று, ஒற்றை ஒலிபெருக்கியோடு இரண்டாயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவள், நெரிசல் அதிகமான முதல் வாயிலுக்கு அவளை விட்டால் ஆள் ஏது, அவளைப் போய்க் கைப்பை பார்க்கப் போட்டது யார்? நான்! பேரை எழுதும்போது என்ன நினைத்தேன்... அவள் குழந்தைக்கு ஆறு மாசம்தானே, பாவம், நெரிசலில் எதற்கு என்று. ஐயோ, வார்த்தைகூட மாறவில்லை. உப்பும் உறைப்பும் இல்லாத அந்த "தயார் மேடம்" எனக்குத் தெரியும், நானே எத்தனை வருஷம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பட்டியலில் இன்னும் கையெழுத்து இல்லை, மைக் பொத்தானை அழுத்திவிட்டேன், எல்லா வாயிலும் காத்திருக்கிறது, முதல் வாயிலுக்குப் போ என்று உத்தரவு போடலாம், ஆனால் அதுவும் அவளைக் கேட்காமல் செய்வதுதானே, உனக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அதை எப்படிக் கேட்பது, என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதே இல்லையே...