ஸனா திருப்பிக் கொண்டுவந்த ராக்கெட்

அக்குறணையில் பாத்திரக் கடை நடத்தும் றலியாவிடம் யார் வந்தாலும், சாமானுக்கு முன்னால் மகளைப் பற்றித்தான் பேச்சு வரும்.

"பெரிய விமானம் ஒன்டு. அதுட செட்டைக்குக் கீழ ராக்கெட்டக் கட்டிக்கொண்டு மேகத்துக்கு மேல போவாங்க. அங்க வெச்சுக் கழட்டி விட்டா, அது நெருப்பப் பத்திக்கொண்டு விண்வெளிக்குப் போகும். விடலாமா வாணாமா என்டு சொல்றது எங்கட ஸனா."

முதல் பயணத்தை நேரலையில் பார்க்கக் கடையில் கூட்டம் கூடியது. றலியா 'நானா' என்று அழைக்கும், அவளுடைய கணவனின் மூத்த சகோதரர் முஹ்ஸின், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் விமானத்துக்குள் ஸனா, தலையில் முக்காடு, அதன்மேல் ஹெட்போன். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று அவள் குரல், "நிறுத்துங்க. விட வேணாம்" என்றது ஆங்கிலத்தில். கீழே, தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர், "அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார். "எரிபொருள் அழுத்தம் இறங்குது. நான் சம்மதிக்க மாட்டேன்." விமானம் ராக்கெட்டைச் சுமந்தபடியே திரும்பியது.

"ஊரே பாத்துக்கொண்டிருக்க இப்பிடிச் செஞ்சிட்டாளே," என்று முஹ்ஸின் எழுந்தார். மற்றவர்களும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். றலியாவுக்கு முகம் சுட்டது.

அடுத்த நாள் ஸனா அழைத்தாள்.

"கழட்டி விட்டா திரும்பிப் பிடிக்க ஏலாது உம்மா. உள்ளுக்கு எத்தன நாட்டுப் புள்ளைகள் செஞ்ச, பூமியச் சுத்தப்போற செய்மதிகள்! இறக்கிப் பாத்தா வால்வு ஒன்டு வெடிப்பு விட்டிருந்திச்சு. விட்டிருந்தா கடல்லதான்."

"பெரியவங்களுக்கு மறுத்துச் சொல்லப் பயமா இருக்கல்லயா?"

"சொல்ற வரைக்கும் பயம். சொன்ன பொறகு இல்ல."

றலியா போனைக் கையில் பிடித்தபடியே நேராக முஹ்ஸின் வீட்டுக்குப் போனாள். "நானா, உங்கட தம்பிட மகள் நேத்து ஒரு ராக்கெட்டக் காப்பாத்தி இருக்கிறா," என்றாள். முஹ்ஸின் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அத்தன பேருக்கு முன்னால தனியா நின்டிருக்காளே," என்றார் கடைசியில்.

பழுது பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி கிளம்பினார்கள். இம்முறை கடையில் நிற்க இடமில்லை. "விடுங்க," என்றாள் ஸனா. ராக்கெட் கழன்று கல்லைப்போல் விழுந்தது. மறுகணம் அதன் வாலில் நெருப்புப் பூத்தது; மேல்நோக்கி வளைந்து, நீலம் கறுக்கும் இடத்துக்குள் பாய்ந்தது.

"அல்லாஹு அக்பர்!" என்று முதலில் கத்தியவர் முஹ்ஸின்தான்.

சத்தம் கேட்டு, மாத்தளை பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "உள்ளுக்கு வாங்க, வந்து பாருங்க," என்று றலியா அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, திரையில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தைக் காட்டினாள்.

"இவ என்ட மகள்."