கருப்பருக்குச் சொன்ன சேவல்

பக்கத்து வீட்டுச் சந்திரலேகா அக்கா தன் மகளின் காலைத் தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் இரண்டு கீறல்கள். மேலே மஞ்சள் அப்பியிருந்தது.

“அத்தை, நீங்களே பாருங்க. பள்ளிக்கூட வேன் ஏறப் போன பிள்ளைய உங்க சேவல் விரட்டிக்கிட்டு வந்து அடிச்சிருக்கு. கண்ணுல பட்டிருந்தா என்ன பண்ணுவீக?”

அம்மா குழந்தையின் தலையைத் தடவினாள்.

“அறுத்துருங்க. இல்ல, வித்துருங்க. ஒரு வாரம் பாப்பேன். அதுக்கு மேல எங்க வீட்டுக்காரருதான் வந்து பேசுவாரு.”

“கருப்பருக்கு நேந்ததுடி லேகா. நான் எப்படி அறுக்க?”

“அந்த வேண்டுதல் என்னைக்கு நிறைவேறி...” என்று ஆரம்பித்த அக்கா என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவை இன்னும் காயவில்லை.

அந்த வேண்டுதல் எனக்கானது. நான் பி.எஸ்சி. முடித்து முதல் குரூப் தேர்வுக்கு விண்ணப்பித்த அன்று, அம்மா கண்டனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கருப்பர் கோயிலுக்குப் போனாள். மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் சேவல் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அப்போது இது கையளவு குஞ்சு. அம்மா இதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அதன் பிறகு இதை விற்கக் கூடாது, வீட்டுக்கு அறுக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

முதல் முறை நான்கு கேள்விகளில் தவறினேன். இரண்டாம் முறை எத்தனை என்று எண்ணிப் பார்க்கவில்லை. கூடப் பொரித்த சேவல்கள் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின. இது மட்டும் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டது. காலின் பின்புற முள் ஓர் அங்குலத்துக்கு வளர்ந்திருந்தது. சேவலுக்கு இந்த வயதில் அப்படித்தான் வளரும். இவ்வளவு காலம் சேவலை யாரும் வைத்திருப்பதில்லை என்பதால் எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நாட்கள் இருந்தன. அம்மா தினமும் கேட்டாள். “போடணும்மா” என்று தினமும் சொன்னேன். காரைக்குடியில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது போதும். இனித் தேர்வு எழுதுவதில்லை என்று முடிவெடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று மாலை அப்பா ஒரு யோசனை சொன்னார்.

“இதைக் குழம்பு வச்சுரு வீரலட்சுமி. நாளைக்கு வேலை கிடைச்சா இதே நிறத்துல வேற ஒண்ணு வாங்கிக் குடுப்போம். கருப்பருக்கு என்ன தெரியவா போகுது?”

“அதுகூடத் தெரியாதவர்கிட்டயா நான் போய் வேலை கேட்டுட்டு வந்திருக்கேன்?” என்றாள் அம்மா.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் லேபில், கூட வேலை பார்க்கும் பாண்டீஸ்வரி அக்கா அலுத்துக்கொண்டாள். ஒக்கூரில் அவள் வீட்டுச் சேவலை நாய் தூக்கிப்போய் இரண்டு மாதம் ஆகிறதாம். “பத்து முட்டை அடை வச்சேன். அம்புட்டும் கூமுட்டை.” சேவல் இல்லாமல் இட்ட முட்டை எப்படிப் பொரியும் என்று சொல்ல வந்து, எங்களிடம் ஒரு சேவல் இருப்பதாகச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாயங்காலமே வந்து தூக்கிக்கொள்வதாகச் சொன்னாள். மறைக்க மனம் வரவில்லை. கருப்பருக்கு நேர்ந்து விட்ட சேவல் என்றேன்.

“ஐயோ, வேண்டாம் தங்கச்சி. சாமிக்குச் சொன்னத என் வீட்டுல கொண்டாந்து அடைக்க முடியாது. மொதல்ல அங்க முடிச்சிட்டு வாங்க, வாங்கிக்கிறேன்.”

அங்கே முடிப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது: கேட்ட வேலையே வேண்டாமென்று சொல்வது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். ஏழெட்டு உரித்த பிறகு சொன்னேன்.

“அம்மா, நான் இந்தத் தடவை எழுதல.”

“அடுத்த தடவையா?”

“அதுவும் இல்ல.”

அம்மாவின் கை நின்றது.

“லேகா சத்தம் போட்டதுக்காகச் சொல்றியா?”

“இல்லம்மா. ஆறு மாசத்துக்கு முன்னாடியே நெனச்சது.”

“ஆறு மாசமாவா நான் அதுக்குச் சும்மா தீனி போட்டுக்கிட்டு இருந்தேன்?”

உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா. கேட்டது நான். நானே போய் வேண்டாம்னா, சேவலைக் குடுக்க மனசில்லாம ஏமாத்துறேன்னு ஆயிரும். உனக்காகத்தானே கேட்டேன். நீ சொல்லு.”

கட்டைப்பையிலிருந்து தலையை நீட்டியபடி சேவல் எங்களோடு பஸ்ஸில் வந்தது. பூசாரி சேவுகப்பெருமாளிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. “சொல்லும்மா” என்று என்னைப் பார்த்தார்.

கண்ணை மூடி மனதுக்குள் சொன்னேன்.

“மனசுக்குள்ள சொல்றியா? உங்கம்மா வாயத் தொறந்துதான கேட்டாக. நீயும் வாயத் தொறந்து சொல்லு.”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். கல்லூரியில் ஒரு முறை செமினார் எடுக்க எழுந்து, குரல் வராமல் உட்கார்ந்தவள் நான். பைக்குள் சேவல் புரண்டது. அரிவாள் பிடித்து நின்ற கருப்பரின் கண்களை நேராகப் பார்த்தேன்.

“எனக்கு அரசாங்க வேலை வேண்டாம். அம்மா கேட்டது எனக்காகத்தான். நான் ஒரு வேலை பாக்குறேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு.”

பின்னால் நின்ற ஒருவர், “அரசாங்க வேலைய வேண்டாங்குற பிள்ளைய இப்பத்தான்யா பாக்குறேன்” என்றார். சிரிப்பு கேட்டது. பூசாரி என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, சேவல் மேலும் கொஞ்சம் போட்டார். “இனி இது உங்க வீட்டுக் கோழி. என்னவும் செஞ்சுக்கங்க.”

நான் சொல்லியிருந்தபடி காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பாண்டீஸ்வரி அக்கா காத்திருந்தாள். விபூதியைப் பார்த்து, “முடிஞ்சிருச்சா அத்தை?” என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்ட பிறகுதான் பையை வாங்கினாள். “சின்னப் பிள்ளைக பக்கம் விட்டுறாத, அடிக்கும்” என்றாள் அம்மா. ஒக்கூர் பஸ் நகர்ந்து மறையும் வரை அம்மா அங்கேயே நின்றாள்.

எங்கள் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தங்கள் கழித்துக் கேட்டாள்.

“கோயில்ல எத்தனை பேரு இருந்தாக?”

“ஒம்பது பேரு.”

“அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிட்ட. என்கிட்டச் சொல்லத்தான் முடியல, இல்ல?”

கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன்.

“கருப்பருக்கு மொகம் மாறாதும்மா.”

“எனக்கும் ஒண்ணும் மாறல” என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி.